டனலுக்குள் டனல்: பாக்கெட் தன்னையே சுற்றிக்கொள்ளாமல் தடுக்க ஒரு வழிகாட்டி

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலை. ஜூன் மாதம், சீசன் உச்சத்தில் இருக்கிறது. தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் எடைமேடைக்கு வரிசை கட்டி நிற்கின்றன. எடை போட்டதும் ரசீது ஓசூர் அலுவலக சர்வரில் பதிவாக வேண்டும். பதிவாகவில்லை. எடைமேடையில் இருந்த தம்பி எனக்குப் போன் போட்டான்.

“அண்ணா, நெட் வருது, போகுது. வருது, போகுது. டிராக்டர்காரங்க சத்தம் போடறாங்க.”

“வந்தா எவ்வளவு நேரம் நிக்குது? போனா எவ்வளவு நேரம்?”

அவன் செல்போனில் நேரம் பார்த்துச் சொன்னான். “வந்தா பத்து செகண்டு தாங்குது. போனா அரை நிமிஷத்துக்கு மேல வரமாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் அதே கணக்குதாங்கண்ணா.”

அதே கணக்கு என்று அவன் சொன்னதும் கேபிளை மறந்துவிட்டேன். எலி கடித்த ஒயர் கணக்குப் பார்த்து அறுந்து ஒட்டாது. கடிகாரம்போல வந்து போகும் கோளாறு என்றால், எங்கோ ஒரு டைமர் ஓடுகிறது. ஆலையையும் ஓசூரையும் இண்டர்நெட் வழியாக ஒரே நெட்வொர்க்போல இணைத்திருந்த டனல், தன் உறையைத் தனக்குள்ளேயே திணித்துக்கொண்டிருந்தது. இதைத்தான் பாக்கெட் அனுப்புதலில் நேரும் ரிகர்ஷன் என்கிறோம். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல், ஒரு பாக்கெட்டை அனுப்பப் போய், அதை அனுப்புவதற்காகத் தன்னையே மறுபடி கூப்பிட்டு, அதற்காக மறுபடியும் கூப்பிட்டு, முடிவில்லாமல் போவது.

பர்கூர், செட்டிக்கரை கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளும், கடைகளுக்கும் ஆலைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிற தம்பிகளும் இதைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. லினக்ஸை வைத்துச் சொல்கிறேன். கட்டளைகளைப் போனில் வாசித்துக் காட்டுவதுபோல உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன், ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

முதலில் நோய் புரியட்டும்

ஒரு தபால் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே ஒரு உத்தரவு: ‘ஓசூருக்குப் போகும் எதுவாக இருந்தாலும், ஓசூர் ஆபீஸ் என்று முகவரி எழுதிய கவருக்குள் போட்டு அனுப்பு.’ அவர் கடிதத்தைக் கவருக்குள் போடுகிறார். இப்போது கையில் இருக்கும் கவரின் முகவரி என்ன? ஓசூர். உத்தரவுப்படி அதையும் இன்னொரு கவருக்குள் போட வேண்டும். அந்தக் கவரும் ஓசூருக்குத்தான். கடிதம் மேசையை விட்டு நகரவே இல்லை, கவர்கள் மட்டும் தடித்துக்கொண்டே போகின்றன.

டனல் செய்வதும் இதேதான். உள்ளே வரும் பாக்கெட்டின்மேல் ஒரு வெளி உறையைச் சுற்றி, மறுமுனையின் பொது முகவரியை எழுதி, கெர்னலிடமே திருப்பிக் கொடுத்து ‘இதை அனுப்பு’ என்கிறது. எந்த முகவரிக்கு எது வழி என்று எழுதி வைத்திருக்கும் ரவுட்டிங் டேபிளைக் கெர்னல் பார்க்கிறது. அந்த முகவரிக்கு வழி என்று ஃபைபர் கேபிள் பக்கம் காட்டினால் நல்லது. அதே டனலைக் காட்டினால் மேசைக்காரர் கதைதான்.

மேசையில் கவர் தீர்ந்துவிடும். கெர்னலில் தீருவது ஸ்டாக். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, திரும்பி வர வேண்டிய இடம், கைவசம் வைத்திருக்கும் மதிப்புகள் எல்லாம் ஸ்டாக்கில் அடுக்கப்படும். சாதாரண புரோகிராம்களுக்கு லினக்ஸ் வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் அனுமதிக்கிறது. கெர்னலுக்குள் அந்த தாராளம் கிடையாது. 64-பிட் இண்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் கெர்னல் ஸ்டாக் வெறும் 16 கேபி. 2014-ல் வந்த 3.15 பதிப்புக்கு முன்னால் அதுவும் 8 கேபிதான். ஒரு டனலைக் கடக்க ஒரு பாக்கெட் பல ஃபங்ஷன்களுக்குள் இறங்கி ஏறுகிறது. அப்படி எத்தனை டனல் தாங்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஸ்டாக் வழிந்தால் என்ன ஆகும்? முன்பெல்லாம் பக்கத்தில் இருக்கும் மெமரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகும். பத்து நிமிடம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் இயந்திரம் விழும், காரணம் தெரியாது. 2016 டிசம்பரில் வந்த 4.9 பதிப்பிலிருந்து ஸ்டாக்கின் எல்லையில் ஒரு காவல் பக்கம் வைக்கும் வசதி வந்தது. அதைத் தொட்டதும் கெர்னல் அங்கேயே பிடித்துக் காட்டும். சாவு சாவுதான், ஆனால் பிணக்கூறாய்வு செய்ய முடிகிற சாவு.

‘டிடிஎல் பார்த்துக்கொள்ளாதா?’

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கேட்பது நியாயமும்கூட. ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது. லினக்ஸ் 64-ல் தொடங்கும். ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும், பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போடுவார்கள். ஊர் ஊராகச் சுற்றும் லூப்புகளை அது அருமையாக நிறுத்துகிறது. ஆனால் டிடிஎல் குறைவது ஒரு இயந்திரம் வாங்கி அடுத்த இயந்திரத்துக்குத் தள்ளிவிடும்போது. நம் பாக்கெட் இன்னும் மேசையை விட்டே கிளம்பவில்லை. ஒவ்வொரு உறையும் அந்த இயந்திரத்திலேயே புதிதாகப் பிறந்த பாக்கெட். குறைப்பதற்கு வழியில் ஆளே இல்லை.

ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியு தடுக்குமா? டனல் வகைகளில் ஒன்றான ஜிஆர்இயில் ஒவ்வொரு உறைக்கும் 24 பைட் கூடுகிறது: ஐபி தலைப்பு 20, ஜிஆர்இ தலைப்பு 4. அதனால்தான் 1500 எம்டியு உள்ள லைனில் ஜிஆர்இ டனலின் எம்டியு 1476 ஆகிறது. சாதாரண பிங் பாக்கெட் 84 பைட். அது 1476-ஐத் தாண்ட 59 உறை வேண்டும். அவ்வளவு தூரம் ஸ்டாக் தாங்காது. ஆக, வெளி உலகத்துக்காகச் செய்த பாதுகாப்பு எதுவும் இங்கே உதவிக்கு வராது. இயந்திரத்துக்குள்ளேயே காவல் வேண்டும்.

கெர்னல் வைத்திருக்கும் காவல்

முதல் காவல் டனல் டிரைவருக்குள்ளேயே இருக்கிறது. உறை சுற்றுவதற்கு முன் வெளி முகவரிக்கு வழி பார்க்கும்போது, ‘அடேய், இது நானேதான்’ என்று தெரிந்தால் அந்தப் பாக்கெட்டைப் போட்டுவிட்டு, ஒரு கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கின் பெயர் ‘கொலிஷன்ஸ்’. பழைய ஈதர்நெட் காலத்தில் ஒரே ஒயரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதுவதைக் குறித்த பெயர் அது. டனலில் மோதுவதற்கு ஒயர் இல்லை. அந்தக் காலியான இடத்தை இதற்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள். இது தெரியாமல் எத்தனையோ பேர் கொலிஷன் ஏறுகிறது என்று ஸ்விட்சையும் கேபிளையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். டனல் இண்டர்ஃபேஸில் கொலிஷன் எண் ஏறினால் காரணம் ரவுட்டிங் டேபிள்தான், கேபிளைத் தொடாதீர்கள்.

ஆனால் இந்தக் காவல் தன் முகத்தை மட்டுமே அடையாளம் காணும். முதல் டனலின் உறை இரண்டாவது டனல் வழியாகப் போகிறது, இரண்டாவதின் உறை முதலாவது வழியாகப் போகிறது என்றால் இரண்டுமே ‘இது நான் இல்லை’ என்று பாக்கெட்டைக் கைமாற்றிவிடும். அங்கேதான் இரண்டாவது காவல் வருகிறது: ஒரு எண்ணி.

பாக்கெட்டை டிரைவரிடம் ஒப்படைக்கும்போது கெர்னல் அந்த சிபியுவின் எண்ணியில் ஒன்று கூட்டும். திரும்பி வந்ததும் ஒன்று கழிக்கும். உள்ளேயே இருக்கும்போது மறுபடி ஒப்படைக்க நேர்ந்தால் எண் ஏறும். வரம்பைத் தாண்டினால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ‘டெட் லூப் ஆன் வர்ச்சுவல் டிவைஸ்’ என்று டிவைஸின் பெயரோடு பதிவு எழுதும். அதோடு ‘ஃபிக்ஸ் இட் அர்ஜென்ட்லி’ என்றும் சேர்த்து எழுதும், அதாவது உடனே சரிசெய். கெர்னல் இப்படிக் கெஞ்சுகிற இடங்கள் அதிகமில்லை. அந்த வரியைப் பார்த்தால் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று எழுந்து போகாதீர்கள்.

இந்த எண்ணியின் வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இதற்கு முன்பு ஒரே சிபியு, தான் ஏற்கெனவே பூட்டி வைத்திருக்கும் வரிசையை மறுபடி பூட்டப் போகிறதா என்று பார்த்துத்தான் லூப்பைக் கண்டுபிடித்தார்கள். வேகத்துக்காக டனல்களில் பூட்டையே எடுத்துவிட முடிவானபோது அந்தக் காவலும் கூடவே போய்விடும் நிலை வந்தது. அதனால் 2010 செப்டம்பரில் எரிக் டூமாசே இந்த எண்ணியைச் சேர்த்தார். அப்போது வரம்பு 3. நியாயமாகவே அதற்குமேல் அடுக்கு வைப்பவர்களுக்கு அது போதாமல், பிறகு 10 ஆக்கினார்கள். 10 வைத்தால் விஎக்ஸ்லான் என்ற டனல் வகையின் அடுக்குகளில் எண்ணி தடுப்பதற்கு முன்பே ஸ்டாக் வழிகிறது என்று தெரியவந்தது. 2020-ல் 8 ஆகக் குறைத்தார்கள். இண்டர்ஃபேஸ்மேல் இண்டர்ஃபேஸாக அடுக்குவதற்குக் கெர்னல் தரும் உச்சமும் 8 என்பதால் இரண்டும் ஒத்துப்போயின. கவனியுங்கள்: 3 போதவில்லை, 10 தாங்கவில்லை. வீட்டு ஃபியூஸ் கம்பியைப் போலத்தான் இதுவும். ரொம்ப மெல்லிசாக இருந்தால் மிக்ஸி போட்டாலே போகும், ரொம்பத் தடிமனாக இருந்தால் ஒயர் எரிந்த பிறகுதான் போகும். ஃபியூஸ் போகிறது என்பதற்காக யாரும் தடித்த கம்பி போடக்கூடாது, எங்கே ஷார்ட் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வேலை நம்முடையது.

படி 1: வெளி முகவரிக்குத் தனி வழி, டனலுக்கு முன்னால்

டனல் போடும்போது எல்லாரும் முதலில் டனலை உருவாக்குவார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் செய்வேன். முதலில், மறுமுனையின் பொது முகவரிக்கு மட்டும் ஒரு தனி ரூட். ஒரே ஒரு முகவரிக்கான ரூட், அதாவது 32 பிட் முழுதும் பொருந்துவது. அது இண்டர்நெட் கம்பெனியின் கேட்வே பக்கம் கையைக் காட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு எடுத்துக்காட்டு முகவரிகளையே வைத்துக்கொள்வோம். மறுமுனை 198.51.100.10. நம் கேட்வே 203.0.113.1. கட்டளை: ‘ஐபி ரூட் ஆட் 198.51.100.10/32 வயா 203.0.113.1’. இவ்வளவுதான்.

ஏன் 32 பிட்? ரவுட்டிங் டேபிளில் ஒரே முகவரிக்குப் பல ரூட்டுகள் பொருந்தினால், எது அதிக பிட்டுகள் பொருந்துகிறதோ அதுதான் ஜெயிக்கும். வேறு எதுவும் பொருந்தாதபோது பயன்படும் டீஃபால்ட் ரூட் பூஜ்ய பிட், எவர் வந்தாலும் அதைத் தள்ளிவிடுவார். 32-க்கு மேல் எதுவும் கிடையாது. அந்த இடத்தை நீங்கள் பிடித்துக்கொண்டால், பின்னாளில் எந்த ரவுட்டிங் புரோட்டோகால் எதைக் கொண்டுவந்தாலும் உங்கள் வெளி உறையின் வழி அசையாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ரீபூட் ஆனாலும் நிற்கும்படி கான்ஃபிக் ஃபைலில் எழுதுங்கள். கட்டளையில் மட்டும் போட்டால் முதல் கரண்ட் கட்டில் போய்விடும். நம் ஊரில் அதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 2: டனல் போட்டதும் கேட்டுப் பாருங்கள்

டனலை எழுப்பி, உள் நெட்வொர்க்குகளுக்கான ரூட்டையும் போட்ட பிறகு, ‘ஐபி ரூட் கெட் 198.51.100.10’ என்று கேளுங்கள். கெர்னல் இப்போது அந்த முகவரிக்கு எந்த இண்டர்ஃபேஸில் அனுப்பும் என்று ஒரே வரியில் சொல்லும். அதில் ‘டெவ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நெட்வொர்க் கார்டின் பெயர் இருக்க வேண்டும். டனலின் பெயரோ, இன்னொரு டனலின் பெயரோ இருந்தால் நிறுத்துங்கள். வேண்டுமென்றே ஒரு டனலை இன்னொன்றுக்குள் விட்டிருந்தால், அந்த இரண்டாவது டனலின் வெளி முகவரியையும் இதேபோல் கேளுங்கள். கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒரு உண்மையான கார்டில் வந்து நிற்க வேண்டும். நிற்காமல் முதலில் கேட்ட டனலுக்கே திரும்பினால் வட்டம் கிடைத்துவிட்டது.

டேபிள் முழுதையும் கண்ணால் படித்து ‘சரியாத்தான் இருக்கு’ என்று முடிவு செய்யாதீர்கள். பாலிசி ரூல், மார்க், பல டேபிள்கள் எல்லாம் சேர்ந்து எடுக்கும் முடிவைக் கண்ணால் கணிப்பது கஷ்டம். கெர்னலையே கேட்பதுதான் நல்லது.

படி 3: ரவுட்டிங் புரோட்டோகால் ஓடினால் வடிகட்டி

ஆலைக் கதைக்கு வருகிறேன். முதலில் அங்கே இருந்தது ஒரு ஜிஆர்இ டனல், ஓசூர் லேனுக்கு, அதாவது அலுவலகத்தின் உள் நெட்வொர்க்குக்கு, கையால் எழுதிய ஒரு ஸ்டாட்டிக் ரூட். பல மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. பாலக்கோட்டில் ஒரு கிடங்கு சேர்ந்ததும், மூன்று இடத்துக்கும் கையால் ரூட் எழுதுவதற்குப் பதில், ரவுட்டர்களே வழிகளைத் தமக்குள் சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகாலைப் போட்டேன். ஓசூர் ரவுட்டரில், நேரடியாக இணைந்த நெட்வொர்க்குகள் எல்லாவற்றையும் அறிவிக்கச் சொல்லிவிட்டேன். ‘எல்லாவற்றையும்’ என்பதில் அதன் இண்டர்நெட் பக்கத்து 198.51.100.8/29 நெட்வொர்க்கும் அடக்கம்.

ஆலைப் பக்கம் ஓசூரின் பொது முகவரிக்கு டீஃபால்ட் ரூட் மட்டும்தான் இருந்தது. டனல் வழியாக ஓஎஸ்பிஎஃப் பேசியதும் 29 பிட் ரூட் ஒன்று வந்து சேர்ந்தது: ‘அந்த நெட்வொர்க்குக்கு டனல் வழியாக வா.’ பூஜ்யம் எங்கே, 29 எங்கே? அந்த நொடியிலிருந்து டனலின் வெளி உறை டனலுக்குள் போகப் பார்த்தது. முதல் காவல் ஒவ்வொரு பாக்கெட்டையும் தூக்கிப் போட்டது. எடைமேடை ரசீதும் போகவில்லை, ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும் ஓஎஸ்பிஎஃப் ஹலோவும் போகவில்லை.

ஹலோ 10 வினாடிக்கு ஒன்று, 40 வினாடி கேட்கவில்லை என்றால் பக்கத்துவீட்டுக்காரர் இல்லை என்று முடிவு. வழக்கமாக ஓஎஸ்பிஎஃப் வைத்திருக்கும் கணக்கு இது. ஓசூர் 40 வினாடி பார்த்துவிட்டு ஆலையைக் கைவிட்டது, உறவு முறிந்தது, ஆலையில் அந்த 29 பிட் ரூட் அழிந்தது. உடனே டீஃபால்ட் ரூட் வழியாக டனல் உயிர்பெற்றது. நான் எடுக்காமல் விட்டிருந்த பழைய ஸ்டாட்டிக் ரூட்டால் ரசீதுகளும் போகத் தொடங்கின. அடுத்த ஹலோவில் உறவு மறுபடி கூடியது. கூடியதும் அதே 29 பிட் ரூட் வந்து கழுத்தை நெரித்தது. தம்பி சொன்ன பத்து செகண்டும் அரை நிமிஷமும் இதுதான். டனல் நன்றாக வேலை செய்வதே அது சாவதற்குக் காரணமாக இருந்தது.

‘ஐபி மைனஸ் எஸ் லிங்க் ஷோ’ போட்டுப் பார்த்தபோது கொலிஷன் எண் ஓடிக்கொண்டிருந்தது. 32 பிட் ரூட் ஒன்றைச் சேர்த்தேன், நெட் வந்து போவது நின்றது. டிராக்டர் வரிசை நகர்ந்தது. அன்று ராத்திரி ஓசூர் ரவுட்டரில் உட்கார்ந்து, லேன் நெட்வொர்க்குகளை மட்டும் பெயர் சொல்லி அறிவிக்கும்படி வடிகட்டி எழுதினேன். இரண்டையும் செய்யுங்கள். 32 பிட் ரூட் இன்றைக்குக் காப்பாற்றும். வடிகட்டி, நாளைக்கு நான்காவது கிளை சேர்க்கிறவரைக் காப்பாற்றும்.

சிஸ்கோ ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு: இதே கோளாறு அங்கே ‘ரிகர்டவுன்’ என்ற பதிவாக வரும். ரிகர்சிவ் ரவுட்டிங் காரணமாக டனலைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறேன் என்று அர்த்தம். மருந்து ஒன்றுதான்.

படி 4: எல்லா டிராஃபிக்கும் விபிஎன் வழியாகப் போக வேண்டுமானால்

இங்கே டீஃபால்ட் ரூட்டே டனலுக்குள் போகிறது, அதனால் ஆபத்து பிறவியிலேயே இருக்கிறது. ஓபன்விபிஎன் இதைப் பழைய முறையில் தீர்க்கிறது. டீஃபால்டை மாற்றுவதற்கு முன் சர்வர் முகவரிக்கு மட்டும் பழைய கேட்வே வழியாக ஒரு தனி ரூட் போட்டுவிடும், நாம் படி 1-ல் செய்ததேதான். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது அந்தப் பழைய கேட்வே இல்லாமல் போய், தனி ரூட் அழிந்துவிடுவது உண்டு. அப்போது லாகில் ‘ரிகர்சிவ் ரவுட்டிங் டிடெக்டட்’ என்று வரும். இதை அனுமதிக்க ஒரு ஆப்ஷன் இருக்கிறது. பதிவு வராமல் இருக்கட்டும் என்பதற்காக அதைப் போடாதீர்கள். பதிவு நிற்கும், நோய் நிற்காது.

வயர்கார்டின் துணைக் கருவி வேறு வழி பிடிக்கிறது, எனக்கு இது மிகவும் பிடிக்கும். டனல் தான் சுற்றிய வெளி உறைகளின்மேல் ஒரு மார்க் போட்டுவிடுகிறது, வழக்கமாக 51820. பிறகு ஒரு ரூல்: ‘இந்த மார்க் இல்லாதவை எல்லாம் 51820 டேபிளைப் பார்க்கட்டும்.’ டனலுக்குப் போகும் டீஃபால்ட் ரூட் அந்த டேபிளில்தான் இருக்கிறது. மார்க் உள்ள உறை அதைப் பார்க்கவே பார்க்காது, மெயின் டேபிள் வழியாக வெளியே போய்விடும். மேசைக்காரருக்கு உத்தரவைத் திருத்திச் சொன்னதுபோல: ‘கவர் போட்டவற்றை மறுபடி கவருக்குள் போடாதே.’ கேட்வே மாறினாலும், மறுமுனை முகவரி மாறினாலும் இது உடையாது. கையால் பாலிசி ரவுட்டிங் எழுதுகிறவர்கள் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: எண்ணியின் கண்ணுக்குத் தப்பும் லூப்

எண்ணி அளப்பது ஸ்டாக்கின் ஆழத்தை மட்டும். நடுவே எங்காவது பாக்கெட்டை ஒரு வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பினால், எண்ணி பூஜ்யத்துக்கு வந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அந்த வரிசையிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பினால், எண்ணிக்கு அது புது ஆள். கன்டெய்னர்களை இணைக்கும் வீ-ஈதர்நெட் ஜோடிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. இரண்டு பிரிட்ஜுகளை, அதாவது கெர்னலுக்குள் இருக்கும் ஸ்விட்சுகளை, இரண்டு ஜோடிகளால் இணைத்துவிட்டால், ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் போதும், முடிவில்லாமல் சுற்றும். ஸ்டாக் வழியாது, இயந்திரம் விழாது, ‘டெட் லூப்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். ‘டாப்’ போட்டுப் பார்த்தால் ‘கே-சாஃப்ட்-ஐஆர்க்யூ-டி’ ஒரு சிபியுவை நூறு சதவீதம் தின்றுகொண்டிருக்கும். ஈதர்நெட் ஃபிரேமில் டிடிஎல்லும் கிடையாது. இதற்கு மருந்து, வட்டத்தைக் கண்டுபிடித்து ஒரு வழியை அடைக்கும் எஸ்டிபியைப் பிரிட்ஜில் இயக்குவது. லினக்ஸ் பிரிட்ஜில் அது தானாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும்.

இன்னொரு சொந்தக்காரரும் உண்டு. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், வடிகட்டி எதுவும் இல்லாமல் பாக்கெட்டுகளைத் திரையில் ஓடவிட்டால், திரையில் வரும் ஒவ்வொரு வரியும் எஸ்எஸ்எச் பாக்கெட்டாகப் போகும், அதுவும் பிடிபட்டு இன்னொரு வரியாகும். எஸ்எஸ்எச் பயன்படுத்தும் போர்ட் 22-ஐ விலக்கிவிட்டுப் பாருங்கள்.

படி 6: நீங்களே கோட் எழுதுகிறவரானால்

மற்றவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். வர்ச்சுவல் டிவைஸ் டிரைவர் எழுதினால், பாக்கெட்டைக் கீழே அனுப்பக் கெர்னலின் பொது வாசலான ‘டெவ் கியூ எக்ஸ்மிட்’ வழியாகவே போங்கள். எண்ணி அங்கே உங்களுக்காக எண்ணும். வேகத்துக்காகக் கீழுள்ள டிரைவரின் அனுப்பும் ஃபங்ஷனை நேராகக் கூப்பிட்டால் எண்ணிக்குத் தெரியாது. கெர்னலின் சொந்த நேர்வழியான ‘டெவ் டைரக்ட் எக்ஸ்மிட்’டிலேயே இந்த ஓட்டை இருந்து, 2020-ல்தான் அங்கேயும் எண்ணியைக் கூட்டினார்கள். நீங்களாகக் கூட்டினால், வெளியேறும் ஒவ்வொரு பாதையிலும் கழிக்க வேண்டும். பிழை வந்தால் பாதியில் திரும்பும் அந்த ஒற்றை வரியில்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஒரு முறை கழிக்காமல் விட்டால் அந்த சிபியுவில் எண்ணி நிரந்தரமாக ஒன்று கூடுதலாக நிற்கும். சில தடவை அப்படி ஆனதும், எந்தத் தப்பும் செய்யாத பாக்கெட்டுகள் அந்த சிபியுவில் மட்டும் விழத் தொடங்கும். எட்டு சிபியுவில் ஒன்றில் மட்டும் வரும் கோளாறைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்லத் தேவையில்லை. எண்ணி சிபியுவுக்கு ஒன்று என்பதால், கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் நடுவே வேலை வேறு சிபியுவுக்கு மாறவும் கூடாது.

கெர்னலுக்குள் ஓடும் பிபிஎஃப் புரோகிராமில் பாக்கெட்டை வேறு இண்டர்ஃபேஸுக்குத் திருப்பிவிடுகிறவர்களுக்கும் இதே எண்ணிதான். அங்கே பதிவு ‘பிபிஎஃப்: ரிகர்ஷன் லிமிட் ரீச்ட்’ என்று தொடங்கி, உங்கள் புரோகிராமில் பிழையா என்று நேராகவே கேட்கும்.

அனுப்பும் பாதையில் லாக் எழுதினால் வேகக் கட்டுப்பாட்டோடு எழுதுங்கள். அந்த லாக் நெட்வொர்க் வழியாக இன்னொரு இயந்திரத்துக்குப் போவதாக இருந்தால், ‘அனுப்ப முடியவில்லை’ என்ற செய்தியையும் அனுப்ப வேண்டிவரும்.

படி 7: ஒரு தடவை கையால் உடைத்துப் பாருங்கள்

வேலை செய்யும் ஆலையில் முதல் தடவையாக இந்தப் பதிவைப் பார்ப்பதைவிட வீட்டில் பார்த்துவிடுவது நல்லது. பழைய லேப்டாப்பில் ஒரு வர்ச்சுவல் மெஷின் போதும். நிர்வாகி (root) அனுமதியோடு ‘ஐபி நெட்-என்எஸ் (netns) ஆட் சோதனை’ என்று, மற்ற நெட்வொர்க்கைத் தொடாத ஒரு தனி நேம்ஸ்பேஸ் உருவாக்குங்கள், பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். அதற்குள் நுழைந்து லூப்பேக்கை எழுப்பிவிட்டு, இரண்டு ஜிஆர்இ டனல் போடுங்கள். முதலாவதின் மறுமுனை 10.1.1.1, இரண்டாவதின் மறுமுனை 10.2.2.2. இரண்டுக்கும் ஆளுக்கொரு உள் முகவரி கொடுத்து எழுப்புங்கள்.

முதலில் தன்னையே சுற்றும் லூப். 10.1.1.1-க்கு முதல் டனல் வழியாகவே ரூட் போட்டு, அந்த டனல் வழியாக ஏதாவது ஒரு முகவரிக்குப் பிங் செய்யுங்கள். லாகில் ஒன்றும் வராது. கொலிஷன் எண் மட்டும் பிங்குக்கு ஒன்றாக ஏறும். இந்த அமைதியைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், ஆலையில் நடந்தது இதுதான்.

பிறகு அந்த ரூட்டை எடுத்துவிட்டு, 10.1.1.1-க்கு இரண்டாவது டனல் வழி, 10.2.2.2-க்கு முதல் டனல் வழி என்று மாற்றிப் போடுங்கள். ‘ஐபி ரூட் கெட்’ இரண்டுக்கும் கேட்டுப் பாருங்கள், வட்டம் தெரியும். இப்போது ஒரே ஒரு பிங். வெளியே வந்து ‘டி-மெசேஜ்’ (dmesg) பாருங்கள். ‘டெட் லூப் ஆன் வர்ச்சுவல் டிவைஸ்’ வந்திருக்கும், டனலின் பெயரோடு. நிறையப் பிங் அனுப்பினாலும் பதிவுகள் சிலதான் இருக்கும். கெர்னல் அந்த வரியை வேகக் கட்டுப்பாட்டோடுதான் எழுதுகிறது, அதனால் பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து எத்தனை பாக்கெட் விழுந்தது என்று கணக்குப் போடாதீர்கள். அதற்கு டனல்களின் ‘டிராப்ட்’ எண்ணைப் பாருங்கள்.

முடிந்ததும் ‘ஐபி நெட்-என்எஸ் டெல்’ போட்டு அந்த நேம்ஸ்பேஸை அழித்துவிடுங்கள். உள்ளே இருந்த டனல்களும் ரூட்டுகளும் அதோடு போய்விடும்.